லைசென்ஸுக்கு 50 டாலர், பாடத்துக்கு 24 மணி நேரம்

சான் பிரான்சிஸ்கோவில் 2013-ல் தொடங்கிய ஜெனிஃபிட்ஸ் நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் 450 கோடி டாலர் மதிப்புக்கு வளர்ந்தது. சிறு நிறுவனங்களுக்கு ஊழியர் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை அது இலவசமாகக் கொடுத்தது. அதே நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் விற்று, அதில் கிடைக்கும் கமிஷனில் சம்பாதித்தது. இன்ஷூரன்ஸ் விற்க வேண்டுமானால் விற்பவர் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அப்போது அந்த லைசென்ஸுக்கு 52 மணி நேரப் பாடம் கட்டாயமாக இருந்தது. இணையத்திலேயே படிக்கலாம். ஆனால் முழு நேரமும் படித்தேன் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். பொய் என்று தெரிந்தால் தண்டனை உண்டு.

அந்த இணையப் பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. சிறிது நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால் பாடம் தானாக மூடிக்கொள்ளும். இதைத் தாண்டுவதற்கு நிறுவனத்துக்குள் ஒரு சிறு புரோகிராம் சுற்றில் விடப்பட்டது. நாற்காலியில் ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் அது காட்டிக்கொண்டே இருக்கும். கடிகாரம் ஓடும், 52 மணி நேரம் கணக்கில் ஏறும். அதை எழுதியவர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பார்க்கர் கான்ராட்தான் என்று பின்னாளில் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவு குறிப்பிட்டது.

விஷயம் வெளியே வந்ததும் 2016 பிப்ரவரியில் கான்ராட் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியா இன்ஷூரன்ஸ் துறை 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. லைசென்ஸ் இல்லாதவர்கள் விற்றதற்கு 40 லட்சம், பாட நேரத்தை ஏமாற்றியதற்கு 30 லட்சம் என்று கணக்கு. இதில் பாதியை நிபந்தனையின் பேரில் நிறுத்திவைத்தார்கள். நியூயார்க், டெக்சாஸ், டென்னஸி மாநிலங்களும் தனித்தனியே அபராதம் போட்டன. லைசென்ஸ் விதிகளைக் கடைப்பிடிப்பது பற்றி முதலீட்டாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்று மத்திய பங்குச் சந்தை ஆணையமும் 2017-ல் வழக்குப் பதிந்தது. நிறுவனமும் கான்ராடும் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள்.

விற்பனையாளர் ஒருவர் எத்தனை மணி நேரம் படித்தார் என்பதில் ஓர் அரசுக்கு இவ்வளவு அக்கறை ஏன்? சேலை வாங்குபவர் கடையிலேயே விரித்துப் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் பாலிசியின் தரம் வீடு எரிந்த பிறகோ, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகோதான் தெரியும். தவறான பாலிசியை வாங்கிவிட்டோம் என்று அன்றைக்குத் தெரிந்து பயனில்லை. வாங்கும் நாளில் வாடிக்கையாளர் நம்பியிருப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டின் அறிவையும் நேர்மையையும் மட்டுமே. அந்த ஏஜெண்டுக்கோ பாலிசி விற்றால்தான் கமிஷன். அமெரிக்க மாநிலங்களின் லைசென்ஸ் கட்டணம், தேர்வு, தொடர்கல்வி விதிகள் எல்லாம் இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் முயற்சிகள்தான்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம் வந்த கதை

இந்தியாவில் ஐதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஓர் ஆணையமே நாடு முழுவதற்கும் விதி வகுக்கிறது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட மத்திய ஆணையம் கிடையாது. ஐம்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தனித்தனி இன்ஷூரன்ஸ் துறைகள், தனித்தனிச் சட்டங்கள், தனித்தனிக் கட்டணங்கள். இதற்குக் காரணமான வழக்கில் சிக்கியவரே ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்தான்.

வெளிமாநில இன்ஷூரன்ஸ் நிறுவனம் இங்கே பாலிசி விற்க வேண்டுமானால் அரசுக் கருவூலத்தில் பத்திரங்களை டெபாசிட்டாக வைக்க வேண்டும், அதன் ஏஜெண்ட் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 1866-ல் வர்ஜீனியா சட்டம் போட்டது. அங்கே வசித்த சாமுவேல் பால், நியூயார்க் தீ இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் ஏஜெண்டாக இருந்தார். டெபாசிட் வைக்காததால் அவருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அது இல்லாமலே பாலிசி விற்றார். நீதிமன்றம் 50 டாலர் அபராதம் விதித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் மத்திய அரசின் அதிகாரம், அதில் வர்ஜீனியா எப்படித் தலையிடலாம் என்று கேட்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பாலிசி என்பது இரு தரப்புக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம், அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு ஆகாது என்று 1869-ல் தீர்ப்பு வந்தது. அதோடு இன்ஷூரன்ஸ் முழுக்க மாநிலங்களின் கைக்குப் போனது.

முக்கால் நூற்றாண்டு கழித்து, 1944-ல், தென்கிழக்கு மாநிலங்களின் தீ இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. இன்ஷூரன்ஸும் வணிகமே என்றது. மாநிலங்கள் பதறிப்போயின. மறு ஆண்டே, 1945 மார்ச்சில், மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் அதிகாரத்தை மாநிலங்களிடமே ஒப்படைத்தது. இன்று வரை அதுதான் நிலைமை.

லைசென்ஸ் வாங்கும் வழி

எந்த வகை இன்ஷூரன்ஸ் விற்கப்போகிறோம் என்று முடிவு செய்வதிலிருந்து வேலை தொடங்குகிறது. ஆயுள் ஒரு வகை, மருத்துவம் ஒரு வகை, வீடு போன்ற சொத்து ஒரு வகை, விபத்து இழப்பீடு போன்ற பொறுப்புகள் இன்னொரு வகை. கார், வீடு போன்ற தனிநபர் பாலிசிகளுக்கு மட்டும் தனி லைசென்ஸும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி வேண்டும். ஆயுள் லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கார் இன்ஷூரன்ஸ் விற்க முடியாது. பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசிகளை விற்பவர் பங்குத் தரகர்களுக்கான மத்திய அளவிலான தேர்வையும் எழுதியாக வேண்டும்.

அடுத்தது முன்கல்வி. மாநிலங்களின் வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரியும். டெக்சாஸில் இத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. படித்துவிட்டு வந்து தேர்வு எழுதினால் போதும். நியூயார்க்கில் ஆயுளும் மருத்துவமும் சேர்ந்த லைசென்ஸுக்கு 40 மணி நேரம், சொத்து மற்றும் விபத்துக்கு 90 மணி நேரம். ஃபுளோரிடாவில் ஆயுள், மருத்துவ ஏஜெண்டுக்கு 60 மணி நேரம் என்றால், எல்லாப் பொது இன்ஷூரன்ஸும் விற்கும் ஏஜெண்டுக்கு 200 மணி நேரம். புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் மாநிலத்தில் வீட்டு இன்ஷூரன்ஸ் விற்பவர் நிறையப் படித்திருக்க வேண்டியதும் நியாயம்தான். ஃபுளோரிடா ஏஜெண்டுகள் தங்கள் லைசென்ஸை எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்: ஆயுளும் மருத்துவமும் விற்பவர் ‘டூ ஃபிஃப்டீன்’, பொது ஏஜெண்ட் ‘டூ ட்வென்டி’.

தேர்வை மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. பியர்சன் வியூ, பி.எஸ்.ஐ. போன்ற தேர்வு நிறுவனங்களிடம் கொடுத்துவிடுகிறது. 2020-ல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பல மாநிலங்கள் தற்காலிக லைசென்ஸ் கொடுத்துச் சமாளித்தன. வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதும் முறை பரவியதும் அப்போதுதான்.

தேர்வில் தேறினால் மட்டும் போதாது. பல மாநிலங்களில் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். ஏமாற்று, கையாடல் போன்ற நம்பிக்கை மோசடிக் குற்றங்களுக்காகக் கடும் தண்டனை பெற்றவர், இன்ஷூரன்ஸ் துறைத் தலைவரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் இத்தொழிலில் இருப்பதே குற்றம் என்று 1994-ன் மத்தியச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலானவற்றை மாநிலங்களிடம் விட்டுவிட்ட மத்திய அரசு, இந்த விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரே கோடு போட்டிருக்கிறது.

கட்டணம் யாருக்கு, எவ்வளவு?

டெக்சாஸில் லைசென்ஸ் கட்டணம் 50 டாலர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் அதே 50. கெடு தாண்டினால் பாதித் தொகை கூடுதலாகக் கட்ட வேண்டும். நியூயார்க்கில் ஆண்டுக்கு 40 டாலர் வீதம் இரண்டு ஆண்டுக்கு 80. கலிஃபோர்னியாவில் அது 200 டாலரை நெருங்கும். இவை தவிர தேர்வுக் கட்டணம், கைரேகைக் கட்டணம், பாடத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் கட்டும் பணம் எல்லாம் தனி. ஒரு மாநிலத்தில் மட்டும் தொழில் செய்பவருக்கு இது தாங்கக்கூடிய செலவுதான்.

லைசென்ஸ் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நியமனக் கட்டணம். லைசென்ஸ் கொடுப்பது அரசு. எங்கள் பாலிசியை இவர் விற்கலாம் என்று அரசிடம் பதிவு செய்வது இன்ஷூரன்ஸ் நிறுவனம். இந்தப் பதிவைத்தான் நியமனம் என்கிறார்கள்; பல மாநிலங்களில் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு, பெரும்பாலும் நிறுவனமே கட்டும். ஃபுளோரிடாவில் இதற்கு முக்கியத்துவம் அதிகம். அங்கே லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் எந்த நிறுவனத்தின் நியமனமும் இல்லாமல் 48 மாதங்கள் கழிந்தால் லைசென்ஸ் போய்விடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிக்கல் பெரிதாவது பல மாநிலங்களில் விற்கும்போது. நியூ ஜெர்சியில் இருக்கும் ஏஜெண்டின் வாடிக்கையாளர் ஓய்வுபெற்று ஃபுளோரிடாவுக்குக் குடிபோனால், அவருக்குப் புதிய பாலிசி விற்க ஏஜெண்டுக்கு ஃபுளோரிடா லைசென்ஸும் வேண்டும். தொலைபேசியிலேயே நாடு முழுவதும் முதியோருக்கான மெடிகேர் மருத்துவத் திட்டங்களை விற்பவர்களுக்கு ஏறக்குறைய எல்லா மாநில லைசென்ஸும் தேவைப்படும். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணத்தை ஏற்றி வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. ‘உங்கள் மாநிலம் எங்கள் ஏஜெண்டிடம் எவ்வளவு வாங்குகிறதோ, அவ்வளவை நாங்களும் உங்களிடம் வாங்குவோம்’ என்று பதிலடிக் கட்டணம் வைத்த மாநிலங்களும் உண்டு. ஒவ்வொன்றும் சிறு தொகைதான். ஐம்பதால் பெருக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டினால்தான் அதன் கனம் தெரியும்.

இந்தச் சுமையைக் குறைக்க 1999-ல் நாடாளுமன்றம் ஒரு நெருக்கடி கொடுத்தது. கிராம்–லீச்–பிளைலி சட்டம் மாநிலங்களுக்கு மூன்று ஆண்டு கெடு விதித்தது. அதற்குள் பெரும்பான்மை மாநிலங்கள் ஒரே மாதிரியான விதிகளுக்கு வர வேண்டும், அல்லது ஒருவரின் லைசென்ஸை மற்றவர் மதிக்க வேண்டும்; இல்லையென்றால் தேசிய அளவில் ஓர் அமைப்பு உருவாகிவிடும் என்றது. அதிகாரம் பறிபோகும் என்ற அச்சம் வேலை செய்தது. 1871 முதல் இயங்கிவரும் மாநில இன்ஷூரன்ஸ் துறைத் தலைவர்களின் தேசியச் சங்கம் 2000-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. மாநிலங்கள் வேகவேகமாக அதை ஏற்றன. சொந்த மாநிலத்தில் தேர்வெழுதித் தேறியவர் வேறு மாநிலத்தில் மறுபடி எழுத வேண்டாம், சொந்த மாநிலத்தில் முடித்த தொடர்கல்வியை மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும் என்ற வசதிகள் அப்படி வந்தவைதான். இன்று ஏஜெண்ட் ஒருவர் ஏஜெண்டுகளுக்கான தேசியப் பதிவகத்தின் இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல மாநிலங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் மட்டும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே போய்விடும்.

தேசிய அமைப்பு என்ற யோசனை 2015-ல் மீண்டும் உயிர்பெற்றது. ஒரே இடத்தில் உறுப்பினராகி எல்லா மாநிலங்களிலும் விற்கலாம் என்பது திட்டம். 13 பேர் கொண்ட குழுவைக் குடியரசுத் தலைவர் நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும். அதற்கான சட்டம் கையெழுத்தானபின் பல ஆண்டுகள் கழிந்தும் குழு அமையாமல், அமைப்பு ஏட்டளவில் நின்றுபோனது.

2000-ல் எழுதிய அந்த மாதிரிச் சட்டத்தில் மனிதாபிமானமான ஒரு பிரிவும் இருக்கிறது. ஏஜெண்ட் திடீரென்று இறந்துவிட்டாலோ, செயல்பட முடியாமல் போனாலோ, அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ தேர்வு இல்லாமலே 180 நாள் வரை தற்காலிக லைசென்ஸ் கொடுக்கலாம். தொழிலை வேறொருவருக்கு விற்கவும் வாடிக்கையாளர்களை ஒப்படைக்கவும் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் உதவும்.

இரண்டு ஆண்டுக்கு 24 மணி நேரம்

ஒருமுறை தேர்வெழுதிவிட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். அதில் 3 மணி நேரம் தொழில் நெறிமுறைக்கு. பாடக் கணக்கில் ஒரு மணி நேரம் என்பது 50 நிமிடம். விலகி நிற்கும் மாநிலங்களும் உண்டு. நியூயார்க் இரண்டு ஆண்டுக்கு 15 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் நெறிமுறை, இன்ஷூரன்ஸ் சட்டம், பாகுபாடு காட்டாமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறது. மாசசூசெட்ஸ் மூன்றாண்டுக் கணக்கு வைத்திருக்கிறது: முதல் மூன்று ஆண்டில் 60 மணி நேரம், பிறகு மூன்று ஆண்டுக்கு 45.

பாடத்தை முடித்தவுடன் அதை நடத்திய நிறுவனமே மாநிலத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். ஒரே பாடத்தை அதே காலகட்டத்தில் இரண்டு முறை படித்துக் கணக்குக் காட்ட முடியாது. டெக்சாஸில் பாதி நேரமாவது வகுப்பறையிலோ அதற்கு இணையான முறையிலோ படித்திருக்க வேண்டும். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் குறையும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 50 டாலர் அபராதம். அதாவது ஒரு மணி நேரம் குறைந்தாலே லைசென்ஸ் கட்டணம் அளவுக்குக் கட்ட வேண்டும்.

சில பொருட்களுக்குப் பொதுவான 24 மணி நேரம் போதாது என்பதால் தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கான பாலிசி விற்க முதலில் 8 மணி நேரமும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 4 மணி நேரமும் பல மாநிலங்களில் தேவை. மத்திய அரசின் வெள்ள இன்ஷூரன்ஸ் விற்க ஒருமுறை 3 மணி நேரப் பயிற்சி. ஓய்வுக்கால வருமானத்துக்கான ஆனுவிட்டி விற்கத் தேசிய மாதிரி விதிப்படி 4 மணி நேரம். கலிஃபோர்னியாவில் 8 மணி நேரம்.

ஆனுவிட்டிக்கு இவ்வளவு கெடுபிடி இருப்பதற்கு ஒரு கணக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும். 72 வயதுப் பெண்மணி ஒருவரிடம் ஒரு லட்சம் டாலர் ஆனுவிட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் பணத்தை எடுத்தால் 7 சதவீதம் பிடித்துக்கொள்வோம் என்பது ஒப்பந்தம். புதிய ஏஜெண்ட் ஒருவர் வந்து, இதைவிட நல்ல திட்டம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். மாற்றிய அன்றே அம்மாவுக்கு 7,000 டாலர் நஷ்டம். புதிய ஒப்பந்தத்தில் பணத்தை எடுக்க முடியாத காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 80 வயதில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை நீட்டினால் அப்போதும் ஒரு பிடித்தம். ஏஜெண்டுக்கோ புதுக் கமிஷன். தவறான தகவல் சொல்லி இப்படி மாற்ற வைப்பதைத் தொழிலில் ட்விஸ்டிங் என்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் கமிஷனுக்காகத் திரும்பத் திரும்ப மாற்றினால் சர்னிங். இரண்டும் சட்டவிரோதம்.

இவை பாடப்புத்தகக் கற்பனைகள் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் மெட்லைஃப் நிறுவனத்தின் டாம்பா கிளை ஏஜெண்டுகள் நாடெங்கும் இருந்த நர்சுகளுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸை ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் என்று சொல்லி விற்றார்கள். தாங்கள் வாங்கியது ஆயுள் பாலிசி என்பதே பல நர்சுகளுக்குத் தெரியவில்லை. 1994-ல் அந்த நிறுவனம் மாநிலங்களுக்கு 2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பாலிசிதாரர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. பழைய பாலிசியில் சேர்ந்த பணத்தைக் கரைத்துப் புதிய பாலிசி போட வைத்த விவகாரத்தில் புருடென்ஷியல் நிறுவனத்துக்கு 1996-ல் 3.5 கோடி டாலர் அபராதம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த ஈடு அதைப்போலப் பல மடங்கு. நெறிமுறைக்கு ஒதுக்கிய 3 மணி நேரத்தில் பேச வேண்டியது இப்படிப்பட்ட வழக்குகளைத்தான்.

நேரத்தை அளக்கலாம், படிப்பை?

தொடர்கல்வியின் தேவையைச் சந்தேகிப்பவர்கள் வெள்ள இன்ஷூரன்ஸைப் பார்க்கலாம். சாதாரண வீட்டு பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனி பாலிசி வேண்டும், அதுவும் பொதுவாக வாங்கிய 30 நாளுக்குப் பிறகே செல்லுபடியாகும். புயல் எச்சரிக்கை வந்தபின் ஓடிப்போய் வாங்கிப் பயனில்லை. 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது பாதிக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ள பாலிசி இல்லை. வரைபடத்தில் ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்த வீடுகளும் மூழ்கின. பிறகு 2021 அக்டோபரில் மத்திய அரசு கட்டணம் போடும் முறையையே மாற்றியது. பகுதியை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வீடும் நீர்நிலையிலிருந்து எவ்வளவு தொலைவு, திரும்பக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடத் தொடங்கியது. 2019-ல் எல்லாம் அறிந்தவராக இருந்த ஏஜெண்ட், 2022-ல் பழைய கணக்கைச் சொன்னால் வாடிக்கையாளருக்குத்தான் கேடு.

இந்தக் கோணத்தில் பார்த்தால், நீண்டகால அனுபவம் உள்ளவர்களுக்குச் சில மாநிலங்கள் கொடுக்கும் சலுகை உறுத்துகிறது. டெக்சாஸில் 20 ஆண்டுகள் தொடர்ந்து லைசென்ஸ் வைத்திருந்தவர் தொடர்கல்வியிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஃபுளோரிடாவில் ஆறு ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு 24 மணி நேரம் 20 ஆகக் குறைகிறது. அனுபவம் மனிதர்களைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும், உண்மைதான். போன ஆண்டு மாறிய சட்டத்தை அது தானாகக் கற்றுக்கொடுக்காது. அதிலும் பழைய ஏஜெண்டுகளின் வாடிக்கையாளர்களும் அவர்களோடு சேர்ந்தே முதுமை அடைந்தவர்கள். ஆனுவிட்டி, நீண்டகாலப் பராமரிப்பு என்று சிக்கலான பொருட்கள் தேவைப்படும் வயதில் இருப்பவர்கள்.

ஆனால் மணி நேரத்தைக் கூட்டினால் மட்டும் அறிவு கூடிவிடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தொடர்கல்விச் சந்தையில் மலிவுப் பாடங்களுக்குக் குறைவில்லை. லைசென்ஸ் காலாவதியாகப் போகும் வாரத்தில் உட்கார்ந்து, பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் தேடி அடையாளமிட்டு முடித்துவிட முடியும். இதைத் தடுக்கச் சில மாநிலங்களில் தேர்வின்போது தொடர்பில்லாத மூன்றாம் நபர் ஒருவர் அருகே இருந்து, புத்தகம் பார்க்காமல் எழுதினார் என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நேரலை வகுப்புகளில் இடையிடையே வருகையைச் சோதிக்கும் கேள்விகள் திரையில் வரும். ஆனாலும் சட்டம் அளப்பது நேரத்தைத்தான். நேரத்தை ஏமாற்ற ஒரு சிறு புரோகிராம் போதும் என்று ஜெனிஃபிட்ஸ் காட்டிவிட்டது.

அந்த விவகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், மணி நேரக் கணக்கைத் தூக்கி எறிவது என்று சிலர் வாதிடுகிறார்கள். முன்கல்விக்கு டெக்சாஸ் அந்த வழியில்தான் போயிருக்கிறது. தேர்வில் தேறினால் போதும், எப்படிப் படித்தாய் என்று அது கேட்பதில்லை. தொழிலுக்குள் நுழையும்போது கண்காணிப்போடு கூடிய கடினமான தேர்வு இருப்பதால் அது பொருந்துகிறது. தொடர்கல்வியில் அவ்வளவு கடினமான தேர்வு எதுவும் இல்லை. அங்கே மணி நேரத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டணம் மட்டும்தான். குறைந்தபட்சம் சட்டம் மாறிய பகுதிகளுக்காவது கண்காணிப்போடு ஒரு சிறு தேர்வு வைத்து, அதில் தேறியவருக்குப் பாட நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால், படிப்பவருக்கும் லாபம், பாலிசி வாங்குபவருக்கும் பாதுகாப்பு.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

இந்த விதிகளால் பாலிசி வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கும் கருவிகள் சில உண்டு. டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் கோயிலிலோ தமிழ்ச் சங்க விழாவிலோ அறிமுகமானவரிடம் பாலிசி போடுகின்றன. அறிமுகம் இருக்கட்டும், லைசென்ஸைப் பார்ப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தேசிய அளவில் தனித்தனி எண் இருக்கிறது. அந்த எண்ணையோ பெயரையோ மாநில இன்ஷூரன்ஸ் துறையின் இணையதளத்தில் இட்டால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்தெந்த வகை இன்ஷூரன்ஸ் விற்கலாம் என்ற விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். பல மாநிலங்களில் எந்த நிறுவனங்கள் அவரை நியமித்திருக்கின்றன என்பதும் தெரியும். ஆயுள் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் மருத்துவ பாலிசியைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஏஜெண்டின் படிப்பு உடனே தெரிந்துவிடும். ஒரு வகை பாலிசி, டாக்டரைப் பார்த்தால் இவ்வளவு, எக்ஸ்ரே எடுத்தால் இவ்வளவு என்று நிலையான தொகை மட்டும் கொடுக்கும். ஆஸ்பத்திரி பில் அதைப்போலப் பல மடங்கு வரலாம். இன்னொரு வகை பில்லில் பெரும் பங்கை ஏற்கும். ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பிரீமியத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாத ஏஜெண்டிடம் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயுள் பாலிசியோ ஆனுவிட்டியோ கைக்கு வந்தபின் படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க மாநிலச் சட்டங்கள் அவகாசம் தருகின்றன. பல மாநிலங்களில் குறைந்தது 10 நாள். ஏஜெண்ட் சொன்னதும் பாலிசியில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க அந்த நாட்களைப் பயன்படுத்த வேண்டும். வேறுபாடு பிறகு தெரியவந்தாலும் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. புகார் போனதும் துறை அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கெடு வைத்துப் பதில் கேட்கும். தவறு ஏஜெண்டுடையது என்று உறுதியானால் அபராதம் போடவும், லைசென்ஸை நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு. ஒரு மாநிலம் எடுத்த நடவடிக்கையை ஏஜெண்ட் தன் லைசென்ஸ் உள்ள மற்ற எல்லா மாநிலங்களுக்கும் 30 நாளுக்குள் தானே தெரிவிக்க வேண்டும் என்று மாதிரிச் சட்டம் சொல்கிறது.